உப்பங்கொல்லைத் தேன்தண்ணி

அந்தக் கேனைக் கால்ல தட்டிடாதம்மா. மூடி கொஞ்சம் லூசு, துணியை வச்சுத்தான் இறுக்கியிருக்கேன். இரு, என் பக்கமா நகர்த்திக்கிறேன். நீ பாப்பாவைச் சன்னலோரம் உக்கார வச்சுக்க. காத்துப் பட்டா குமட்டாது.

எண்ணெயா? இல்லம்மா. கண்டக்டரும் அதான் கேட்டான். சாராயமோன்னு சந்தேகம் வந்து மோந்து வேற பாத்தான். தண்ணிம்மா. வெறும் தண்ணி. 'ஏன் ஆயா, ஆஸ்பத்திரியில தண்ணி இல்லியா, ஊர்லேருந்து சொமந்துட்டுப் போற'ன்னு சிரிச்சான். சிரிக்கட்டும். எங்க வீட்டுத் தண்ணியில ஒரு வாய் குடிச்சிருந்தா சிரிச்சிருக்க மாட்டான். இன்னொரு வாய் கேட்டிருப்பான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். மவன் படுத்திருக்கான். இளஞ்செழியன்னு அவங்கப்பா ஆசையா வச்ச பேரு. என் வாய்க்கு அது நீளம், செழியன்னே கூப்புட்டுப் பழகிட்டேன். டிராக்டர் ஓட்டுற புள்ளை. பீடி கெடையாது, குடி கெடையாது. அவனுக்குப் போயி நாளைக்கு ஆப்ரேஷன். கால்ல. அது என்னன்னு அப்புறம் சொல்றேன், வாயைத் தொறந்த உடனே அதைச் சொல்ல எனக்கு வரல.

நீ எந்த ஊரும்மா? எங்க எறங்கற? சரி சரி, அப்ப கடைசி வரைக்கும் தொணை இருக்கு.

எங்க ஊரு உப்பங்கொல்லை. பேரைக் கேட்டாலே தெரியுமே. கடல் கிட்டக்க. மண்ணைத் தோண்டினா உப்பு, கையால அடிக்கிற பம்பைப் போட்டா உப்பு. அந்தத் தண்ணியில பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஊருக்கே ஒரே ஒரு நல்ல கெணறு, மேலத்தெருவுல. குஞ்சிதம்மா வீட்டுக் கெணறு. நாங்க கீழத்தெரு. புரியுதில்ல? புரிஞ்சாச் சரி.

வாக்கப்பட்டு வந்த புதுசுல நானும் குடத்தைத் தூக்கிட்டுப் போயி அந்தக் கொல்லைப் படல்கிட்ட நிப்பேன். உள்ள போகக் கூடாது. குடத்தைக் கீழ வச்சுட்டு ரெண்டடி தள்ளி நிக்கணும். அவங்களுக்கா நேரம் வர்றப்ப வந்து மேலருந்து ஊத்துவாங்க. குடத்து வாய்ல பாதி, மண்ணுல பாதி. தாகமா இருக்குன்னு கேட்டா, இப்படி, ரெண்டு கையையும் குவிச்சு வாய்கிட்ட வச்சுக்கணும். குனிஞ்சு. அவ ஒசரத்துலேருந்து செம்பைச் சாய்ப்பா. செம்பு விரல்ல பட்டுடக் கூடாதில்ல? மூக்குல ஏறும், ரவிக்கையெல்லாம் நனையும். வயித்துல செழியன் இருந்தப்ப ஒருநாள் அப்படிக் குடிச்சுப் பொரையேறி, அங்கேயே உக்காந்துட்டேன். குஞ்சிதம்மா, 'மெதுவாக் குடியேண்டி, தண்ணி எங்க ஓடியா போவுது'ன்னா. கெட்ட மனுசின்னு சொல்ல மாட்டேன். ஆனா செம்பை மட்டும் கீழ எறக்கல.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரருகிட்ட, காத்தவராயன்னு பேரு அவருக்கு, சொன்னேன். 'எனக்கு நகை வேணாம், பொடவை வேணாம். சாகறதுக்குள்ள என் வாசல்ல ஒரு நல்ல தண்ணி ஊத்து வேணும்.' அந்த மனுசன் சோத்தைப் பெசைஞ்சுகிட்டே இருந்தாரு. பேசாத மனுசன் மனசுல போட்டுக்கிட்டா அவ்வளவுதான்.

செழியன் பள்ளிக்கூடம் போற வயசுல போர் போடற வண்டியைக் கொண்டாந்து நிறுத்திட்டாரு. என் கழுத்து காதுல இருந்தது பூரா அந்தக் குழிக்குள்ளதான் போச்சு, தாலியைத் தவிர. தெருவே வந்து நிக்குது. மேல மேல உப்புத்தான் வருது. போர்க்காரன், 'இதுக்குமேல எறக்கினா காசு வீணு'ங்கறான். இவரு 'எறக்கு'ங்கறாரு. கருப்பா ஒரு களி வந்துச்சும்மா, மை மாதிரி. அதுக்கும் கீழ எறக்கு. அப்புறம் நைசா மணலு. அப்புறம் குபுகுபுன்னு தண்ணி. அவருதான் மொதல்ல ஏந்திக் குடிச்சாரு. குடிச்சவரு அப்படியே நின்னாரு. இதுவும் உப்போன்னு அவரு மூஞ்சியையே பாக்கறேன். 'பவுனு, இங்க வா'ன்னு கூப்புட்டு என் கையில ஊத்தினாரு. இனிக்குதும்மா! கண்ணாடி மாதிரி, சில்லுன்னு, இனிக்குது. ரெண்டு பேரும் தெருவுல நின்னு அழுவறோம், போர்க்காரன் எங்களைப் பாத்துச் சிரிக்கிறான்.

அன்னிலேருந்து எங்க வீட்டுக்குப் பேரே தேன்தண்ணி வீடு. கல்யாணப் பத்திரிகை வச்சாக்கூட 'தேன்தண்ணி வீட்டு பவுனாம்பா'ன்னுதான் எழுதுவாங்க. எங்க தெரு பொம்பளைங்க ஒருத்தியும் அப்புறம் மேலத்தெருப் படல்கிட்ட போயி நிக்கல. நான் நிக்க விடல. யாரு எப்ப வந்தாலும் குழாயத் தொறந்துக்க வேண்டியதுதான். கேக்கக்கூட வேணாம்.

யானைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கு ஒரு காலம் வரும்பாங்கள்ல? கடல் பொங்கி உள்ள வந்த வருசம், மேலத்தெருக் கெணறு உப்பாப் போச்சு. கொஞ்ச நாள் பொறுத்துப் பாத்தாங்க. ஒருநாள் காலையில வாசல் தெளிக்கிறேன், குஞ்சிதம்மா நிக்கிறா. இடுப்புல பச்சைக் கலரு பிளாஸ்டிக் கொடம். என் வாசல்ல! எனக்கு என்ன செய்யணும்னே தெரியல. அவ கொடத்தைக் கீழ வச்சுட்டு ரெண்டடி தள்ளி நின்னா. பழக்கமா, பயமா, என்னவோ. நான் எட்ட நின்னு ஊத்தலம்மா. கொடத்தைக் கழுவி, வாய் வழிய ரொப்பி, என் கையால தொட்டுத் தூக்கி அவ இடுப்புல வச்சுவிட்டேன். அந்த ஒரு காலைக்காகவே நான் பொறந்தேன்னு நெனைச்சுக்குவேன்.

அப்படிப்பட்ட தண்ணி. அதைத்தான் விஷம்ங்கறாங்க.

நீயே சொல்லும்மா. வாடை இருக்கா? இல்ல. கசக்குதா? இல்ல. கலங்குதா? இல்ல. அதுல சோறு வடிச்சா மல்லியப்பூ மாதிரி இருக்கும், பருப்பு பூவா மலரும். தாயைப் பழிச்சாலும் தண்ணியப் பழிக்காதேன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? சரி, ஏதோ கிருமி இருக்குன்னே வச்சுக்குவோம், காய்ச்சிக் குடிச்சாப் போச்சு. அதையும் கேட்டேன். டெஸ்ட்டு பண்ண வந்த பொண்ணு, 'காய்ச்சினாப் போகாதும்மா, காய்ச்சினா இன்னும் கூடத்தான் ஆகும்'ங்கறா. காய்ச்சினாக் கூடுற கிருமியை நீ கேள்விப்பட்டிருக்கியா? கிருமி இல்லியாம். ஆர்செனிக்காம். பாஷாணமாம். பூமிக்குள்ள, அந்தக் கருப்புக் களியில, காலங்காலமா இருக்குதாம். யாரும் போட்டது இல்லியாம். அப்ப யாரும் போடாத விஷம் எங்கேருந்து வரும்?

இதெல்லாம் எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேளு. எல்லாம் என் மருமவளால.

சுகந்தின்னு பேரு. நாலெழுத்துப் படிச்ச பொண்ணு, சின்னப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்துச்சு. வந்தப்ப எலுமிச்சம்பழம் மாதிரி நெறம். நான்தான் ஆசைப்பட்டுக் கட்டி வச்சேன். மொதப் புள்ளை வயித்துல தங்கல, மூணாம் மாசமே போயிடுச்சு. பப்பாளி தின்னிருப்பான்னு சொன்னேன், இல்லவே இல்லைன்னு அழுதா. ரெண்டாவது யாழினி. என் பேத்தி. உன் பாப்பா மாதிரியேதான், இந்தக் கண்ணு, இந்தக் குட்டைப் பின்னல். அது பொறந்தப்ப சங்குல மொதமொதல்ல நான் ஊத்துன தண்ணி எங்க வீட்டுத் தண்ணிதான். சப்புக்கொட்டிக் குடிச்சுது.

யாழினிக்குப் பல்லு மொளைக்கிற சமயம் சுகந்தி கழுத்துக்குக் கீழ புள்ளி புள்ளியா வந்துச்சு. புழுதியில தூத்தல் போட்டா எப்படி இருக்கும், அப்படி. கருப்பும் வெள்ளையுமா. அப்புறம் உள்ளங்கையில சின்னச் சின்னதாக் காய்ப்பு.

கையில காய்ப்பு எங்க ஊருக்குப் புதுசில்லம்மா. என் கையைப் பாரேன். பயப்படாத, பாரு. இது முந்திரி உடைச்ச கை. முந்திரிக்கொட்டையில ஒரு பால் இருக்கு, பட்டா பொசுக்கிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்போம், அப்பவும் தோலு உரிஞ்சு, கருத்து, காய்ச்சுப் போயிடும். எங்க தெருவுல எல்லாப் பொம்பளைக்கும் இப்படித்தான். அதனால யாரும் இதைப் பெருசா எடுத்துக்கலை. குஞ்சிதம்மா கையில கூட கடைசிக் காலத்துல வந்துச்சு. அவ முந்திரி உடைக்கல. பாவம், கொடம் தூக்கிப் பழகாத கை, என் தண்ணியைத் தூக்கித் தூக்கியே காய்ச்சுப் போச்சு.

ஆனா மருமவ? சாக்பீசு புடிச்ச கை. முந்திரியைத் தொட்டதே இல்ல. அவளுக்கு ஏன் வரணும்? அக்கம்பக்கத்துல குசுகுசுன்னாங்க. எனக்கும் பக்குன்னு ஆயிடுச்சு. என்ன நோயின்னு வாயால சொல்லக் கூடாது. பெருவியாதி. பொண்ணு வீட்ல மறைச்சுக் கட்டிட்டாங்கன்னு முடிவு பண்ணிட்டேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாங்க. அவ தட்டைத் தனியா வச்சேன். தம்ளரைத் தனியா வச்சேன். தண்ணி கேட்டா... நான்தான் மோந்து ஊத்துவேன், அவளைக் குடத்துல கைவிட வேணாம்னுட்டேன். வீட்ல கொழந்தை இருக்கே. வேற என்ன பண்றது?

ஒருநாள் கொழந்தையைத் தூக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நான் போன்னு சொல்லல. இருன்னும் சொல்லல.

வேடிக்கையைக் கேளு. அங்க போன கொஞ்ச காலத்துல அவளுக்குப் புள்ளியெல்லாம் மங்கிப் போச்சு. மருந்து இல்ல, மாத்திரை இல்ல. நெறம் திரும்பிடுச்சு. நான் சொல்லலை? மாமியா வீட்ல இருக்கப் புடிக்கலன்னா ஒடம்பே நடிக்கும். இல்லாட்டிப் போனா ஒரே வருசத்துல எப்படிப் போகும்? சோறு அதே சோறு, வெயிலு அதே வெயிலு. தண்ணி மட்டும்தான் வேற.

சும்மா இருந்தாளா? இல்ல. அங்க ஒரு தோல் டாக்டர்கிட்ட காட்டியிருக்கா. அவரு, 'இது நீங்க பயப்படற குஷ்டம் இல்லம்மா. கல்யாணம் ஆகிப் போன ஊர்ல என்ன தண்ணி குடிச்சீங்க'ன்னு கேட்டிருக்காரு. இவ ஒப்பிச்சிருக்கா, எங்க மாமியார் வீட்டு போர் தண்ணின்னு. அதுக்கப்புறம்தான் ஜீப்பு வந்துச்சு. சின்னச் சின்ன பாட்டில்ல புடிச்சுட்டுப் போனாங்க. போயிட்டு வந்து குழாய் மேல செவப்புப் பெயிண்ட்டு அடிச்சுட்டாங்க. தெருவே பாக்குது. 'இதைக் குடிக்கவும் கூடாது, சமைக்கவும் கூடாது'ன்னு அந்தப் பொண்ணு சத்தம் போட்டுச் சொல்லுது. எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிடலாம்னு இருந்துச்சு.

நான் விடுவேனா? கதவுக்கு அடிச்ச பச்சைப் பெயிண்ட்டு மிச்சம் இருந்துச்சு. பொங்கலுக்கு அதை எடுத்துக் குழாய்க்கு அடிச்சேன். ரெண்டு கோட்டு. பளபளன்னு இருக்கு இப்பவும்.

ஆனா ஆளுங்க வரல. ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நின்னுட்டாங்க. எங்க தெருவுக்குப் பஞ்சாயத்துல லாரித் தண்ணி விட்டாங்க, பாதி நாளு வராது, வந்தாலும் ப்ளீச்சிங் பவுடர் வாடை. அதுக்குப் போயி வரிசையில நிக்கிறாளுங்க, என் வாசலைத் தாண்டி. எந்தக் கொடத்தை நான் ரொப்பிக் குடுத்தேனோ அதே கொடத்தைத் தூக்கிக்கிட்டு, என் மூஞ்சியைப் பாக்காம. காய்ச்ச மரத்துலதான் கல்லடி விழும்னு இருந்துட்டேன். கீழத்தெருக்காரி வாசல்ல ஊருக்கே தண்ணி இருந்தா எவனுக்குப் பொறுக்கும்? அதான் விஷம்னுட்டாங்க. மேலத்தெரு கெணத்தை யாராவது விஷம்னு சொல்லியிருப்பாங்களா?

செழியன்தான் மனசு கலங்கிட்டான். சுகந்தி போன்ல ஏதேதோ சொல்லியிருக்கா. ஒருநாள் வயக்காட்டுலேருந்து வந்தவன், 'அம்மா, நாமளும் கொஞ்ச நாளைக்கு லாரித் தண்ணி குடிச்சுப் பாப்பமா'ன்னான். நான் உள்ள போனேன். சொம்புல நம்ம தண்ணியை மோந்தேன். கொண்டாந்து நீட்டினேன். 'ஊரு ஒதுக்கிச்சு, சரி. நீயும் குடிக்க மாட்டியாப்பா'ன்னு கேட்டேன். என் மூஞ்சியையே பாத்தான். அப்புறம் வாங்கி மடக்கு மடக்குன்னு குடிச்சான். ஒரு சொட்டு மிச்சம் வைக்கல. அதாம்மா புள்ளை. அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல அவன்.

அவங்கப்பா இருந்திருந்தா இந்தப் பேச்செல்லாம் வந்திருக்காது. அவரு போயிட்டாரு, செழியன் கல்யாணத்துக்கு முன்னாடியே. ஈரல் கெட்டுப்போச்சுன்னாங்க. 'நெறைய குடிப்பாரோ'ன்னு அப்பப் பாத்த டாக்டர் கேட்டாரு. எனக்கு வந்ததே கோவம்! 'அய்யா, அந்த மனுசன் ஆயுசுல தண்ணியைத் தவிர வேற எதையும் குடிச்சதில்ல'ன்னேன்.

...

ஒண்ணுமில்லம்மா. தூசி.

செழியனுக்குக் கால் ஆணிதான் மொதல்ல. உள்ளங்கால்ல, கெட்டியா, அங்கங்க. டிராக்டர் பெடலை மிதிக்கிற காலு, ஆணி வராதா? பிளேடை வச்சு அவனே சீவிப்பான். இது நெறைய பேரு செய்யறதுதான். ராவுல பாதம் எரியுதும்பான், நான் வெளக்கெண்ணெய் தடவுவேன். அதுல ஒரு ஆணி புண்ணாச்சு. ஆறல. மஞ்சள் பத்துப் போட்டேன், குப்பைமேனி அரைச்சு வச்சேன். நம்ம வீட்டுத் தண்ணியைச் சூடுபண்ணி நித்தமும் நானே கழுவிவிட்டேன். அது விரிஞ்சுகிட்டே போச்சு, பூ விரியற மாதிரி. கடைசியில இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தா, சதையைக் கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டு, புத்துங்கறாங்க. புத்துநோய்.

காலை எடுத்துடணுமாம்மா. கணுக்காலுக்கு மேல. நாளைக்குக் காலையில.

இப்ப சொல்லிட்டேன். சொல்லிட்டா கொஞ்சம் லேசா இருக்கும்னு நெனைச்சேன். இல்ல.

டாக்டரம்மா சின்ன வயசுதான். என்னைக் கூப்புட்டு உக்கார வச்சு, ரொம்பப் பொறுமையாச் சொல்லுச்சு. 'பாட்டி, இது உங்க வீட்டுத் தண்ணியால வந்தது. பல வருசமாக் கொஞ்சம் கொஞ்சமா உடம்புல சேந்திருக்கு. காலை எடுத்துட்டா அவரைக் காப்பாத்திடலாம். ஆனா அந்தத் தண்ணி இனி அவர் வாயில படவே கூடாது. படிச்சுப் படிச்சுச் சொல்றேன்.' தலையை ஆட்டினேன். அப்புறம் என் கையைப் புடிச்சுத் திருப்பிப் பாத்துட்டு, 'நீங்களும் காட்டணும் பாட்டி'ன்னுச்சு. முந்திரி உடைச்ச கைம்மா அதுன்னேன். 'காலை நீட்டுங்க'ன்னுச்சு. நான் நீட்டல. காலால யாரும்மா முந்திரி உடைப்பாங்க, அதனால அங்க என்ன இருக்குன்னு அதுக்கு எதுக்கு?

சுகந்தி வந்திருக்கா, ஆமா. புருசன் படுத்துட்டான்னதும் ஓடியாந்துட்டா. நல்லாத்தான் பாத்துக்கறா, இல்லைன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். நாங்க மாத்தி மாத்தி இருக்கோம். அவ இருக்கற நாள்ல அவங்க ஊரு தண்ணியைக் கொண்டாந்து குடுக்கறா. நான் போறப்ப நான் கொண்டுபோறேன்.

எப்படியா? சிரிப்பு வரும் உனக்கு. ஆஸ்பத்திரி வாசல்ல டீக்கடைப் பக்கம் குந்திக்குவேன். கடையில விக்கிற பாட்டில் இருக்குல்ல, லேபிள் ஒட்டினது, அதை ரெண்டு மூணு காலியா எடுத்து வச்சிருக்கேன். இந்தக் கேன்லேருந்து அதுல ஊத்தி, மூடியை இறுக்கிடுவேன். நர்சம்மா பாத்துட்டு, 'பரவால்லியே, இப்பத்தான் சொன்ன பேச்சைக் கேட்டு நல்ல தண்ணியா வாங்கிக் குடுக்கறீங்க'ன்னு மெச்சிக்கிட்டா. செழியன் ஒரு வாய் குடிச்சதும் கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தான். அவனுக்குத் தெரியும். சின்னப் புள்ளையிலேருந்து குடிச்ச தண்ணியாச்சே. பாட்டில் பூராக் குடிச்சான்.

போன தடவை சுகந்தி என்னைத் தனியாக் கூப்புட்டா. 'அத்தை, ஆப்ரேஷன் முடிஞ்சு அவரை எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். நீங்களும் வாங்க. யாழினி உங்களைக் கேட்டுகிட்டே இருக்கா'ன்னா. நான் அவளுக்குத் தட்டு மாத்தி வச்சவ. தம்ளர் மாத்தி வச்சவ. என்னைப் போயி வான்னு கூப்புடறா. எனக்கு அழுகை வந்துடுச்சு, ஆனா போவேனா? மருமவ வீட்டுக் கொல்லையில கொடத்தைத் தூக்கிட்டுப் போயி, நான் மறுபடியும் தண்ணிக்கு நிக்கணுமா? பச்சைக் குழாயை விட்டுட்டு?

அது விஷம்னா என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாத்தியாம்மா? யாருமே அதை யோசிக்க மாட்டேங்கறாங்க. வந்து சொல்லிட்டு ஜீப்புல ஏறிப் போயிடறாங்க. அது விஷம்னா, அவருக்கு ஊத்துனது யாரு? நான். செழியனுக்கு? இந்தக் கையி. மூணு மாசத்துல போச்சே ஒரு உசுரு, அதுக்கு? யாழினிக்குச் சங்குல? குஞ்சிதம்மாளுக்கு வாய் வழிய ரொப்பி, தூக்கி இடுப்புல வச்சுவிட்டேனே? ஊருக்கே நான்தானே ஊத்துனேன்? அப்படி இருக்காதும்மா. அப்படி இருக்கவே கூடாது. இருந்துச்சுன்னா நான் எங்க போயி நிக்கறது?

நாளைக்குக் காலு போகப் போவுது எம்புள்ளைக்கு. மயக்கம் தெளிஞ்சு தண்ணின்னு கேப்பான். கேட்டா, அவன் வீட்டுத் தண்ணி, அவன் அப்பன் கொண்டாந்த தண்ணி அவன் நாக்குல படணும். அதுக்குத்தான் இந்தக் கேனு. அதுக்குத்தான் இப்படி மடியில வச்சுக் காப்பாத்திட்டு வர்றேன்.

என்ன, பஸ்ஸு நின்னுடுச்சு? ஓ, ரயில்வே கேட்டா. சரி, இனிமே கூட்ஸு ஒண்ணு போயி, எதிர்ல இன்னொண்ணு வந்து, எப்பத் தொறப்பானோ. காத்து நின்னதும் வேர்க்குது பாரு. பாப்பா ஏன் சிணுங்குது? தாகமா? பாட்டில் காலியா? அட, இதுக்கு ஏன் முழிக்கற? என் மடியிலதான் ஒரு கேன் பூரா இருக்கே. இரு, மூடியைத் தொறக்கறேன். சின்ன டம்ளர் ஒண்ணு பையிலயே இருக்கு. கழுவினதுதான். பாரு, எப்படித் தெளிஞ்சு கெடக்கு. வாடா கண்ணு, ஆயாகிட்ட வா. எங்க யாழினியும் இப்படித்தான் கையை நீட்டும்...

ஏம்மா?

ஏன் கொழந்தையை இழுத்துக்கற?

அது கையை நீட்டுது, நீ ஏன் புடிச்சு இழுக்கற? ஏன் எழுந்துட்ட? எறங்கற எடம் கடைசி ஸ்டாப்புன்னுதானே சொன்ன?

ஓ. கையைப் பாத்தியா? இது ஒட்டுற வியாதி இல்லம்மா, முந்திரி உடைச்ச கைன்னு சொன்னேனே. இல்லியா? அப்ப வேற எதுக்கு? நான் கீழத்தெருன்னதுக்கா? நீ எந்தத் தெருன்னு நான் ஒரு வார்த்தை கேட்டனா?

போகாதம்மா. கொழந்தை தாகத்துல அழுவுது. எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. பழகினதுதான். டம்ளர் வேணாம், நான் அதைத் தொடல, பாப்பாவையும் தொடல. அங்கேயே நில்லு. அது ரெண்டு கையையும் குவிச்சு வாய்கிட்ட வச்சுக்கட்டும். நான் எட்ட இருந்து, மேலருந்து ஊத்தறேன்.